கள்ளுக்கடை: மரக்காணம் கடற்கரையில ஒரு பப் இருந்த கதை

இன்னைக்கு எபிசோட் குடிக்கிற இடத்தைப் பத்தி. குடியையும் அந்த இடத்தையும் நாம எப்பவும் ஒண்ணாவே வச்சுப் பேசுறோம். அது ரெண்டையும் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம்னு ஒரு ஆசை.

இதுக்கு ஆரம்பம் இங்கிலாந்துல இருந்து வந்துச்சு. அங்க பப்புகள் மூடிக்கிட்டே வருது. 2000-ல சுமார் 60,000 பப் இருந்த நாட்டுல இப்ப 45,000-ஐ ஒட்டி நிக்குது. ஒவ்வொரு பப் மூடும்போதும் லோக்கல் பேப்பர்ல செய்தி வருது, ஊர்க்காரங்க கூட்டம் போடுறாங்க. சில ஊர்ல மக்களே பணம் போட்டு பப்பை வாங்கிக் கூட்டுறவா நடத்துறாங்க. கம்பிரியா பக்கம் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்னு ஒரு கிராமம். அங்க இருக்கிற ஓல்ட் கிரவுன் பப்பை 2003-ல ஊரே சேர்ந்து வாங்குச்சு. 2011-ல ஒரு சட்டமே வந்துச்சு. ஒரு பப் ஊருக்கு முக்கியம்னு ஊர்க்காரங்க பதிவு பண்ணிட்டா, ஓனர் அதை விக்கும்போது ஊர் பணம் திரட்டி ஏலம் கேக்கிறதுக்கு அவகாசம் கொடுக்கணும்.

இதைப் படிச்சப்ப ஒரு கேள்வி வந்துச்சு. நம்ம ஊர்ல இப்படி ஒரு இடம் இருந்துச்சா? உழைக்கிற ஆளு சாயங்காலம் போய் உக்காந்து, நாலு பேரைப் பாத்து, பேசிட்டு வீட்டுக்குப் போற இடம்? இருந்துச்சு. அதுக்குப் பேரு கள்ளுக்கடை. அதை மூடினப்ப பெருசா யாரும் கூட்டம் போடல. அந்தக் கதையை ஒரு ஊரை வச்சுச் சொல்றேன். ஊர் பேரு மரக்காணம்.

ஈசிஆர்ல நாம பாக்காம போற ஊர்

சென்னையில இருந்து பாண்டிக்கு வீக்கெண்ட் டிரைவ் போறவங்களுக்கு மரக்காணம் தெரியும். ரோட்டு ஓரத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் இருக்கும். வண்டியை நிறுத்தி நாலு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிருவோம். விழுப்புரம் மாவட்டத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர்ல உப்பளம். பக்கத்துலயே கழுவேலி ஏரி. கரையோரம் மீனவக் குப்பங்கள். உப்பளத்துக்கும் மணல்மேட்டுக்கும் நடுவுல பனைமரங்கள்.

உப்பள வேலை எப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே, இருட்டுலயே பாத்தியில இறங்கணும். உப்புத் தண்ணியில வெறுங்காலோட நின்னு, நீளக் கம்புல கட்டுன பலகையால உப்பை வாரி வரப்புல குவிக்கணும். காலு வெடிக்கும். வெயில் வெள்ளை உப்புல பட்டுக் கண்ணுல திரும்ப அடிக்கும். தை மாசத்துல ஆரம்பிச்சு மழைக்காலம் வரைக்கும் வேலை. ஐப்பசி கார்த்திகையில பாத்தி எல்லாம் தண்ணிக்குள்ள. அப்ப வருமானமும் கிடையாது.

இந்த ஊருக்கும் கள்ளுக்கும் உறவு ரொம்பப் பழசு. பத்துப்பாட்டுல சிறுபாணாற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கு. நத்தத்தனார் எழுதினது. ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடன்கிட்ட பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. வழியில எயிற்பட்டினம்னு ஒரு கடற்கரை ஊர் வருது. அதைத்தான் பல ஆய்வாளர்கள் இன்னைக்கு மரக்காணம்னு அடையாளம் காட்டுறாங்க. அந்த ஊர்ல வழிப்போக்கனுக்கு என்ன கிடைக்கும்னு பாட்டு சொல்லுது தெரியுமா? அலை கொண்டுவந்து ஒதுக்கின வாசனைக் கட்டையை விறகா எரிச்சு, ஒரு மீனவப் பொண்ணு வடிகட்டி வச்ச பழைய கள். கூட சுட்ட மீன். மீனவங்க அதை வந்தவனுக்குக் குடுப்பாங்களாம்.

கள்ளு, சுட்ட மீன், யாருன்னே தெரியாத ஆளுக்கும் ஒரு இடம். பப்புன்னா என்னன்னு கேட்டா இதைவிடச் சுருக்கமா எனக்குச் சொல்லத் தெரியல.

24 மணி நேர டிசைன்

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். நம்ம கேங்குக்கு இது பிடிக்கும்.

பனைமரத்துல பாளை வரும். மரமேறுறவர் அந்தப் பாளையைக் கட்டி, நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசா சீவி விடுவாரு. அங்கிருந்து சாறு சொட்டும். கீழ ஒரு கலயம் கட்டியிருக்கும். தினமும் ஏறி நுனியைத் திரும்பத் திரும்பச் சீவணும், இல்லேன்னா சாறு நின்னுரும். கலயத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தா சாறு புளிக்காது, அது பதநீர். சுண்ணாம்பு தடவலேன்னா காத்துலயும் கலயத்துலயும் இருக்கிற ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பிச்சுரும், அது கள். அதே மரம், அதே கலயம், ஒரு கை சுண்ணாம்புதான் வித்தியாசம். தமிழ்நாட்டுல இன்னைக்கு அந்த ஒரு கை சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவுல இருக்கிற கோடு.

கள்ளுல ஆல்கஹால் சுமாரா 4, 5 சதவீதம், சாதாரண பீர் அளவு. ஆனா பீர் மாதிரி பாட்டில்ல நிக்காது. காலையில இறக்குன கள் சாயங்காலம் புளிப்பாகும், மறுநாள் காடி ஆகுற வழியில போயிரும். அதனால கள்ளை ஸ்டாக் பண்ண முடியாது, லாரியில ஏத்தித் தூர ஊருக்கு அனுப்ப முடியாது.

இந்தக் குறைதான் கள்ளுக்கடைங்கிற சிஸ்டத்தோட அடிப்படை. சரக்கு நகர முடியாது, அதனால கடை மரத்துக்குப் பக்கத்துல இருக்கணும், குடிக்கிறவரும் பக்கத்து ஊர்க்காரராத்தான் இருப்பாரு. எந்தத் தோப்பு மரம், யாரு ஏறுனாரு, யாரு வித்தாருன்னு குடிக்கிற எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு நாம சப்ளை செயின்ல டிரேஸபிலிட்டின்னு கோடிக்கணக்குல செலவு பண்ணி சாஃப்ட்வேர் எழுதுறோம். அங்க அது சும்மா வந்துச்சு.

பனை சீசனும் உப்பு சீசனும் ஏறக்குறைய ஒண்ணாவே வருதுங்கிறதையும் கவனிங்க. வெயில் காலத்துல பாத்தியில நிக்கிற ஆளுக்கு அதே வெயில் காலத்துல பனை சுரக்கும். பனை ஓலையை மடிச்சுக் கட்டின பட்டையிலயோ, மண் மொந்தையிலயோ ஊத்திக் குடுப்பாங்க. தொட்டுக்க கருவாடு, சுண்டல், நண்டு.

உப்பும் கள்ளும் ஒரே ஆபீஸ்

பிரிட்டிஷ்காரங்க சென்னை மாகாணத்தை ஆண்டப்ப, உப்பையும் கள்ளு சாராயத்தையும் கவனிக்க ஒரே டிபார்ட்மென்ட் இருந்துச்சு. உப்பு மற்றும் ஆப்காரித் துறை. ஆப்காரின்னா மது வரி. 1886-ல சென்னை ஆப்காரிச் சட்டம் வந்துச்சு. கள் இறக்குற மரத்துக்கு லைசென்ஸ் எடுக்கணும், மரவரி கட்டணும். கடை நடத்துற உரிமையை ஏலம் விட்டாங்க. ஆக மரக்காணம் மாதிரி ஊர்ல, பகல்ல வாருற உப்புக்கும் வரி, சாயங்காலம் குடிக்கிற கள்ளுக்கும் வரி, ரெண்டும் போறது ஒரே துறைக்கு.

அதனாலதான் சுதந்திரப் போராட்டத்துல உப்பும் கள்ளும் சேர்ந்தே வருது. 1930-ல வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை போனவர் ராஜாஜி. 1937-ல சென்னை மாகாணப் பிரதமரானதும் சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அதே ராஜாஜிதான். அக்டோபர் 1-ம் தேதி கடைகளை மூடினாங்க. அரசாங்கத்துக்கு வருமானத்துல ஒரு பெரிய ஓட்டை விழுந்துச்சு. அதை அடைக்க 1939-ல விற்பனை வரி வந்துச்சு. இன்னைக்கு நாம எந்தக் கடையில எதை வாங்கினாலும் கட்டுற வரிக்கு ஒரு மூதாதை, மூடின கள்ளுக்கடைதான்.

இங்க ஒரு சுவாரஸ்யமான ஒற்றுமை இருக்கு. அதே 1937-ல இங்கிலாந்துல மாஸ் அப்சர்வேஷன்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. சாதாரண மக்களோட தினசரி வாழ்க்கையை நேர்ல பாத்துப் பதிவு பண்றதுதான் வேலை. அந்தக் குழுவோட ஆட்கள் போல்டன்னு ஒரு மில் ஊருக்குப் போய் அங்க இருக்கிற பப்புகள்ல உக்காந்து கவனிச்சாங்க. யார் எங்க உக்காருறாங்க, ஒரு கிளாஸ் முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது, என்ன பேசுறாங்க, எல்லாத்தையும் எழுதினாங்க. 1943-ல புத்தகமா வந்துச்சு. வீட்டையும் வேலை செய்யுற இடத்தையும் விட்டா, சர்ச், சினிமா, கட்சி எல்லாத்தையும் சேர்த்ததைவிட அந்த ஊர் மக்கள் அதிக நேரம் இருக்கிற இடம் பப்புதான்னு அவங்க கண்டுபிடிச்சாங்க.

அங்க பப்பு உள்ள போய் உக்காந்து எழுதுன அதே காலத்துல, இங்க கள்ளுக்கடையைப் பூட்டிட்டு இருந்தோம். பூட்டுனது சரியா தப்பாங்கிற விவாதம் தனி. நான் வருத்தப்படுறது வேற விஷயத்துக்கு. உள்ள என்ன நடந்துச்சுன்னு நம்ம பக்கம் அந்த மாதிரி உக்காந்து யாரும் எழுதி வைக்கல. வரி வருமானக் கணக்கு இருக்கு. கேஸ் ரெக்கார்ட் இருக்கு. அங்க உக்காந்திருந்த உப்பளத் தொழிலாளி என்ன பேசினாருங்கிறது இல்லை.

திற, மூடு, திற, மூடு

அப்புறம் நடந்ததை வேகமா சொல்றேன். யுத்த காலத்துல மதுவிலக்கு நின்னுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் மாகாணம் முழுக்கத் திரும்ப வந்துச்சு. 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள்ல அதை முழுசாக்கினவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஓமந்தூர் எங்க இருக்கு? திண்டிவனத்துக்குப் பக்கத்துல. மரக்காணத்துக்காரங்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர்.

1971-ல கருணாநிதி ஆட்சியில மதுவிலக்கைத் தூக்கி, கள்ளு, சாராயக் கடைகளைத் திறந்தாங்க. 1974-க்குள்ள திரும்ப மூடினாங்க. 1981-ல எம்ஜிஆர் ஆட்சியில திரும்பத் திறந்தாங்க. 1983-ல டாஸ்மாக் நிறுவனம் வந்துச்சு, மொத்த விற்பனைக்கு. 1987 ஜனவரி 1-ல இருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. சாராயம் நடுவுல 1990-ல மலிவு விலை மதுங்கிற பேர்ல வந்துட்டு 1991-ல போயிருச்சு. கள் திரும்ப வரவே இல்லை. 2003-ல சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு.

1987-ல என்ன நடந்துச்சுன்னு இங்க நிறுத்திக் கவனிங்க. மதுவிலக்கு வரல. பாட்டில்ல வர்ற விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் இருந்துச்சு. இருந்ததுலயே வீரியம் கம்மியான, லோக்கல்ல கிடைக்கிற, ஃபாக்டரி தேவைப்படாத ஒரு பானத்தையும் சேர்த்து மூடினாங்க. வீரியமானது தங்கிருச்சு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டாஸ்மாக்ல ஒரு குவாட்டர் 180 மில்லி. அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால். அதே அளவு கள்ளுல கிடைக்கணும்னா, 5 சதவீதம்னு வச்சா, ஒன்றரை லிட்டர் குடிக்கணும். ஒன்றரை லிட்டர் குடிக்க ஒரு இடம் வேணும், நேரம் வேணும், வயித்துல இடம் வேணும். குவாட்டருக்கு அஞ்சு நிமிஷமும் ஒரு தண்ணி பாக்கெட்டும் போதும். ரோட்டோரமே போதும்.

இங்கிலாந்து இதை 1830-லயே வேற மாதிரி யோசிச்சுச்சு. அங்க ஜின் பெரிய பிரச்சினையா இருந்த காலம் உண்டு. 1830-ல ஒரு பீர் சட்டம் கொண்டுவந்து, ஒரு சின்ன லைசென்ஸ் தொகை கட்டுனா யார் வேணும்னாலும் தன் வீட்டுலயே பீர் விக்கலாம்னு விட்டாங்க. நோக்கங்கள்ல ஒண்ணு, ஜனங்களை ஸ்பிரிட்ல இருந்து பீர் பக்கம் இழுக்கிறது. அதுலயும் தெருவுக்குத் தெரு கடை, தெருவுக்குத் தெரு சண்டைன்னு ஏகப்பட்ட புகார் வந்துச்சு. ஆனா பழைய பப்புகள்ல நிறைய அந்தச் சட்டத்துல பிறந்ததுதான். 2023 ஆகஸ்ட்ல இருந்து அங்க மது வரியை வீரியத்தை வச்சே கணக்கு போடுறாங்க. பப்புல பீப்பாயில இருந்து ஊத்துற பீருக்கு, பாட்டில் பீரைவிட வரி கம்மி. மக்கள் தனியா வீட்டுல குடிக்கிறதைவிட நாலு பேரோட உக்காந்து குடிக்கட்டும்னு அரசாங்கமே வரியில சொல்லுது.

மே 2023

இப்ப நாம மரக்காணத்துக்குத் திரும்பணும். இது கேக்க கஷ்டமான பகுதி.

2023 மே 13. மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம், ஒரு மீனவக் கிராமம். அங்க சிலர் கள்ளச்சாராயம்னு வித்ததை வாங்கிக் குடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரியே வாந்தி, மயக்கம், கண்ணு மங்குறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடினாங்க. அதே நாட்கள்ல செங்கல்பட்டு மாவட்டத்துலயும் சாவு. ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 20 பேருக்கு மேல செத்தாங்க.

அது காய்ச்சின சாராயமே இல்லைன்னு போலீஸ் சொன்னாங்க. ஃபாக்டரிக்குப் போக வேண்டிய மெத்தனால். மெத்தனால் நாம குடிக்கிற ஆல்கஹாலுக்கு அண்ணன் தம்பி மாதிரி, வாசனையையோ ருசியையோ வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள்ள போனதும் ஈரல் அதை உடைச்சு ஃபார்மிக் அமிலமா மாத்தும். அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். சில சமயம் அறிகுறி தெரியவே அரை நாள், ஒரு நாள் ஆகும், அதுக்குள்ள லேட் ஆயிருக்கும். அடுத்த வருஷம், 2024 ஜூன்ல, கள்ளக்குறிச்சியில இதே மெத்தனால். அங்க 60 பேருக்கு மேல.

இதுல கடைசியா இறந்துபோனது யாரு? உழைச்சுட்டு வந்து டாஸ்மாக் விலை கட்டுப்படாம, பக்கத்துல கம்மி விலைக்குக் கிடைச்சதை வாங்கினவங்க. அவங்க வாங்கினது எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. வித்தவருக்கே முழுசாத் தெரிஞ்சிருக்காது. பாக்கெட்ல, கேன்ல, எத்தனையோ கை மாறி வந்தது. சங்கப் பாட்டுல வர்ற அந்த ஊர்ல, எந்தப் பொண்ணு வடிகட்டினாங்கிற வரைக்கும் தெரிஞ்ச இடத்துல இருந்து, எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாத ஒரு திரவத்துக்கு வந்து நின்னுருக்கோம்.

ரொம்ப இனிக்க வேண்டாம்

இங்க நிறுத்தி, எதிர்ப்பக்கத்தையும் பேசணும். இல்லேன்னா இது வெறும் நாஸ்டால்ஜியா எபிசோட் ஆயிரும்.

முதல் விஷயம் சாதி. நம்ம ஊர்ல டீக்கடையிலயே தனி கிளாஸ் இருந்துச்சு. கள்ளுக்கடை மட்டும் எப்படி சமத்துவபுரமா இருந்திருக்கும்? தனி இடம், தனிக் கொட்டாங்குச்சின்னு பல ஊர்ல நடந்திருக்கு. மரம் ஏறி இறக்கிக் குடுக்கிறவரோட கள் வேணும், ஆனா அவரைச் சமமா நடத்த மாட்டாங்க. போல்டன் பப்புலயும் பிரிவு இருந்துச்சு. வெறும் பெஞ்ச் போட்ட ரூம் ஒண்ணு, நல்ல சேர் போட்ட ரூம் ஒண்ணு. நல்ல ரூம்ல அதே பீர் ஒரு பென்னி அதிகம். அந்த பெஞ்ச் ரூம்ல பெண்களுக்கு இடம் கிடையாது.

ரெண்டாவது பெண்கள். கள்ளுக்கடையில கணவன் உக்காந்து பேசுன நேரம், மனைவிக்கு வீட்டுல காத்திருந்த நேரம். அவன் செலவழிச்ச காசு வீட்டுக்கு வராத காசு. 1992-ல ஆந்திராவுல நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவுல பெண்கள் சாராயக்கடையை மூட வச்சது இந்திய வரலாறு. தமிழ்நாட்டுலயும் டாஸ்மாக்கை மூடுன்னு முதல்ல ரோட்டுக்கு வந்து நிக்கிறது பெண்கள்தான். குடிக்கிற இடம் அழகான இடம்னு பேசுறப்ப, அந்த இடத்துக்கு வெளிய நின்னவங்களை மறந்துட்டுப் பேசக் கூடாது.

மூணாவது, லைசென்ஸ் இருந்தா மட்டும் பாதுகாப்பு இல்லை. கேரளாவுல வைப்பீன் தீவுல 1982 ஓணத்தப்ப, லைசென்ஸ் வாங்கின சாராயக்கடையில வித்ததைக் குடிச்சு 70 பேருக்கு மேல செத்தாங்க. கள்ளுலயும் கலப்படம் உண்டு. குளோரல் ஹைட்ரேட் கலந்து விக்கிறது தெலங்கானா பக்கம் பெரிய பிரச்சினை. ஊர்ல இருக்கிற மரம் குடுக்கிறதைவிட அதிகமா கடையில கள் வித்தா, மிச்சம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கணும். நான் முன்ன சொன்ன டிரேஸபிலிட்டி, கடை சின்னதா, மரத்துக்குப் பக்கத்துல இருக்கிற வரைக்கும்தான். காண்ட்ராக்டர் கைக்கு ஏலத்துல போனதும் அது உடைஞ்சுரும்.

அதனால கள்ளைத் திறந்துட்டா கள்ளச்சாராயச் சாவு நின்னுரும்னு ஒரே வரியில சொல்றவங்க கூட நான் போக மாட்டேன். சிஸ்டம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

மூணு பக்கத்து வீடு

ஆனா வேற வழியே இல்லையான்னு கேட்டா, பக்கத்து வீட்டை எல்லாம் எட்டிப் பாக்கலாம்.

முதல் வீடு புதுச்சேரி. மரக்காணத்துல இருந்து ஈசிஆர்ல தெற்க போங்க. காலாப்பட்டு வரும், அது புதுச்சேரி. அடுத்து பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அப்புறம் திரும்பப் புதுச்சேரி. பைக்ல அரை மணி நேரத்துக்குள்ள சட்டம் மூணு தடவை மாறும். ஒரு பக்கம் கள்ளுக்கடை அரசாங்கம் ஏலம் விட்ட கடை, இன்னொரு பக்கம் அதே கள்ளைக் கையில வச்சிருந்தா கேஸ். பனைமரத்துக்கு இந்த எல்லைக் கோடு எதுவும் தெரியாது.

ரெண்டாவது வீடு கேரளா. 1996-ல சாராயத்தைத் தடை பண்ணாங்க, கள்ளை விட்டு வச்சாங்க. இன்னைக்கு ஆலப்புழை, குமரகம் பக்கம் போனா ஷாப்புன்னாலே கப்பக்கிழங்கு, மீன் கறி. குடும்பத்தோட சாப்பிட வர்ற கள்ளு ஷாப்புகளும் உண்டு. இங்கிலாந்துல பல பப் சாப்பாட்டு இடமா மாறிப் பிழைச்சுக்கிட்ட அதே கதை.

மூணாவது வீடு யாழ்ப்பாணம். அங்க கள்ளுக்கடைக்குப் பேரு தவறணை. ஐரோப்பியர் வாயில இருந்த டேவர்ன்ங்கிற சொல்லு தமிழாகி நிக்குது. அங்க மரமேறுற தொழிலாளர்களோட கூட்டுறவுச் சங்கங்களே தவறணை நடத்துது. ஏறுறவரே சங்கத்துல உறுப்பினர். ஏலம் எடுத்த காண்ட்ராக்டர் நடுவுல இல்லை. ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்க்காரங்க 2003-ல செஞ்சதுக்கு ரொம்ப முன்னாடியே, யாழ்ப்பாணத்துல கூட்டுறவு பப் இருந்துச்சுன்னு சொல்லலாம்.

கேக்காத கேள்வி

இங்கிலாந்துல பப்பைக் கொன்னது பல காரணம். சூப்பர் மார்க்கெட்ல பீர் விலை கம்மி. 1989-ல பெரிய பீர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான பப் வச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு விதி கொண்டுவந்தாங்க. போட்டியை வளக்க வந்த விதி, கடைசியில வாடகை வசூல் பண்ற பெரிய ப்ராப்பர்ட்டி கம்பெனிகளை வளத்துச்சு. 2007-ல புகைத் தடை. கரண்ட் பில். பப்பை வித்து ஃபிளாட் கட்டுனா வர்ற லாபம். மெதுவா செத்துச்சு, அதனால அழுறதுக்கு நேரம் கிடைச்சுச்சு.

நம்ம கள்ளுக்கடை ஒரு ஜனவரி 1-ம் தேதி ஒரு ஆர்டர்ல போச்சு. அதுக்கு அப்புறம் நாம மதுவைப் பத்திப் பேசுறதெல்லாம் ரெண்டே எண்ணுல. எத்தனை கடை, எத்தனை கோடி. 2023-24-ல டாஸ்மாக் மூலமா அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல வருமானம். 2023 ஜூன்ல 500 கடையை மூடினாங்க. ஆதரிக்கிறவங்களும் எதிர்க்கிறவங்களும் இந்த எண்ணை வச்சுத்தான் சண்டை போடுறாங்க.

பாத்தியில இருந்து ஏறி வர்ற ஒரு உப்பளத் தொழிலாளி, ஆணோ பொண்ணோ, சாயங்காலம் எங்க போய் உக்காருவாருங்கிற கேள்வி இந்த ரெண்டு எண்ணுலயும் இல்லை. குடிக்காமயே உக்காரணும்னாலும் எங்க? மரக்காணத்துல எத்தனை நூலகம் சாயங்காலம் ஏழு மணிக்குத் திறந்திருக்கு? வெயில்ல வேலை செஞ்சவங்க காத்தாட உக்கார, காசு குடுக்காம இருக்க, பெண்களும் பயமில்லாம வர ஒரு கூரை இருக்கா? நம்மை மாதிரி ஆளுங்களுக்கு ஃபில்டர் காபி கடை, கோ-வொர்க்கிங், டர்ஃப், மால்னு பத்து இடம் இருக்கு. அவங்களுக்கு இருந்த ஒரு குறையுள்ள இடத்தையும் எடுத்துட்டு, பதிலுக்கு நாம குடுத்தது ஒரு கம்பி போட்ட கவுண்ட்டர்.

கள்ளை அனுமதிக்கலாமா வேண்டாமான்னு அரசியல்ல விவாதம் நடக்குது, நடக்கட்டும். விவசாயிகள் பக்கம் கள் இயக்கம் வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கு. பெண்கள் இயக்கங்கள் எதிர்க்குது. ரெண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கு. நான் கேக்குறது ஒண்ணுதான். எந்த முடிவு எடுத்தாலும், லிட்டரையும் கோடியையும் எண்ணுற அந்த ஷீட்ல இன்னொரு காலம் சேருங்க. அதுக்குத் தலைப்பு, உக்கார இடம்.

சரி, கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை. உங்க வீட்டுல 60 வயசு தாண்டினவங்க யாராவது இருந்தா, உங்க ஊர்க் கள்ளுக்கடை எங்க இருந்துச்சு, யார் யார் வருவாங்க, யாரை உள்ள விட மாட்டாங்க, என்ன பேசுவாங்கன்னு கேளுங்க. தாத்தாகிட்ட மட்டும் கேட்டு நிறுத்திராதீங்க, பாட்டிகிட்டயும் கேளுங்க, அவங்க சொல்றது வேற கதையா இருக்கும். போன்ல ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. போல்டன்ல 1937-ல எழுதினதை நாம 80, 90 வருஷம் லேட்டா எழுதுவோம். சொல்றதுக்கு இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க.

அடுத்த வாரம் பாக்கலாம். பத்திரமா வீடு போய்ச் சேருங்க.